ஓசூரிலிருந்து ஒரு காதுகுத்துக்கு

எங்கே புறப்பட்டாலும் எடுத்துப் போவதை எண்ணி வைப்பது என் வழக்கம். பஞ்சாலையில் இருப்புக் கணக்குப் பார்த்தே என் வேலைக்காலம் முடிந்தது. இப்போது எண்ணுவதற்குப் பொதிகள் இல்லை. கண்ணில் பட்டதை எண்ணுகிறேன். அந்த வியாழக்கிழமை காலை ஓசூரில் என் மகன் குமரேசனின் மின்சாரக் காரில் ஏற்றியவை: சீர்த்தட்டு இருபத்தொன்று, மாலை இரண்டு, துணிப்பை மூன்று, குழந்தைக்குத் தங்கக் கடுக்கன் ஒரு ஜோடி. எண்ணாமல் விட்டது காருக்குள் இருந்த கிலோமீட்டர் ஒன்றைத்தான். அதைக் கம்பெனிக்காரன் எண்ணி வைத்திருப்பான் என்று நம்பினேன். எண்ணித்தான் வைத்திருந்தான். முந்தின நாள்தான் அதில் நூற்றுப்பத்தை எடுத்துக்கொண்டான்.

என் மகள் கற்பகம் வாழ்க்கைப்பட்டது ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில். அவள் மகன் கவினுக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமை காலை அவர்கள் குலதெய்வமான அய்யனார் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் குமரேசன் ஒருவன்தான். அவளது வளைகாப்பின்போது அவன் வேலை விஷயமாக ஜெர்மனியில் இருந்தான். குழந்தைக்குப் பெயர் வைத்தபோதும் அங்கேதான். அவள் புது வீடு குடிபுகுந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கவினை அவன் நேரில் பார்த்ததே ஒரே ஒரு முறை. “கற்பகத்துக்கு அண்ணன் இருக்கறதாத்தான் சொல்றாக, நாங்க போட்டோவுலதான் பார்த்துருக்கோம்” என்று சம்பந்தி வீட்டில் சொல்லிச் சிரிப்பார்களாம்.

“அண்ணே, இதுக்கும் வரலைன்னா நான் இங்கிட்டு நிமிந்து நடக்க முடியாது. ஒரு நாள் முந்தியே கெளம்பிரு” என்று அவள் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. அதனால்தான் ஒரு நாள் முன்பே கிளம்பினோம். என் மனைவி இரண்டு வாரம் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டாள். கார் வேண்டாம், பஸ்ஸே போதும் என்று அவள் சொன்னதன் அருமை அப்போது தெரியவில்லை.

கார் வாங்கியபோது முழுச் சார்ஜுக்கு நானூற்றுப்பத்துக் கிலோமீட்டர் காட்டும். விளம்பரத்தில் இன்னும் அதிகம். நடைமுறையில் நானூறு என்பதை நானே பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறேன். ஓசூரிலிருந்து மகள் வீடு கிட்டத்தட்ட அதற்குள் அடங்கும். வழியில் ஒரு முறை சார்ஜ் போட்டால் தாராளம். அன்று காலை திரையைப் பார்த்தால் முழுச் சார்ஜ், ஆனால் முந்நூறு.

“என்னடா குமரா இது?”

“நேத்து சாஃப்ட்வேர் அப்டேட் வந்துச்சுப்பா. பேட்டரி ஆயுள் மேம்பாடுன்னு போட்டிருந்தான். சம்மதம்னு அமுக்கிட்டேன்.”

“எதுக்குச் சம்மதம்னு படிச்சியா?”

“யாருப்பா படிப்பா? அமுக்கலைன்னா தினமும் கேட்டுக்கிட்டே இருப்பான்.”

தொப்பூர்க் கணவாயை இறங்கும்போது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை, மரம், குரங்கு எதுவும் மனத்தில் பதியவில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் காரில் போகிறவனுக்கு ஜன்னல் தேவையே இல்லை.

சேலத்தில் ஓர் உணவகத்தின் பின்புறம் சார்ஜ் போடும் இடம். எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள். நான்கும் எங்கள் காரின் ரகமே. முன்பெல்லாம் இந்த ரகக் கார்கள் எதிரெதிரே வந்தால் ஓட்டுகிறவர்கள் கையசைத்துக்கொள்வார்கள். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தட்டுவடை செட் வாங்கித் தின்றோம். நடுவில் வைத்த பீட்ரூட் துருவல் சட்டையில் விழுந்து கறையானது. ஓசூரில் இதே தட்டுவடைக்குக் காரம் போட மாட்டார்கள். இங்கே தொண்டை எரிந்தது. பக்கத்து மேசையில் பெங்களூர்த் தம்பதி கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓசூரில் இருந்து பழகியதில் எனக்கும் கன்னடம் கொஞ்சம் புரியும். “ஏசியைப் போட்டால் இருபது கிலோமீட்டர் குறையும் என்கிறாய். இப்படி வியர்த்து வடிய நான் அம்மா வீட்டு வாசலில் இறங்கினால், நீ என்னை மாட்டு வண்டியில் கூட்டி வந்தாய் என்றுதான் நினைப்பார்கள்” என்றாள் மனைவி. “மாட்டு வண்டி என்றால் போய்ச் சேர்ந்திருப்போம்” என்றார் அவர்.

காத்திருந்த நேரத்தில் குமரேசன் கம்பெனிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். ஒரு பெண் மிக அழகான ஆங்கிலத்தில் பேசினாள். அவள் சொன்னதன் சாரம்: உங்கள் வண்டிக்கு எதுவும் குறையவில்லை, முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது.

“பழையபடி மாத்திக் கொடுக்க முடியுமா?” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

பழையது பாதுகாப்பானது அல்ல என்றாள். அப்படியானால் பாதுகாப்பில்லாத வண்டியையா இத்தனை நாள் ஓட்ட விட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு இசையைப் போட்டுவிட்டாள்.

கீரனூரில் மறுபடி நின்றோம். திருச்சி-புதுக்கோட்டை ரோட்டில் ஓர் உணவகம். இரண்டு சார்ஜர், வேலை செய்வது ஒன்று. இங்கும் எங்கள் ரகம் ஐந்து. சேலத்தில் யாரும் பேசவில்லை, இங்கே எல்லாரும் பேசினார்கள். இறங்கினதும் கீரனூர் டீச்சரம்மா ஒருவர் எங்களிடம் வந்து, துக்க வீட்டில் கேட்பது போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஒங்களுக்கு எவ்வளவு போச்சுங்க?”

“நூத்திப் பத்து.”

“எனக்கு நூத்தி இருவது. தெனமும் திருச்சிக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன். வாரத்துல ஒரு தடவை சார்ஜ் போட்டா முடிஞ்சுரும். இப்பப் பாருங்க, பரீட்சைப் பேப்பர் திருத்துறதே இந்த பெஞ்சுலதான்.” உண்மையாகவே மடியில் விடைத்தாள் கட்டு இருந்தது.

எனக்கு அடக்க முடியவில்லை. “கல்யாணத்துல போட்ட நகையை, ஆள் தூங்குறப்ப வந்து கழட்டிட்டுப் போற மாமனார் எங்கயாவது உண்டாம்மா?”

“கழட்டுறது மட்டுமா சார்? கழுத்துக்கு இதுதான் நல்லதுன்னு வேற சொல்றாக.”

சுற்றி நின்ற ஐந்து பேரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பரோட்டாவும் முட்டை மாஸும் வந்தன. வெந்த முட்டையை மசாலாவில் புரட்டிப் போடும் இந்த வட்டாரத்துச் சரக்கு, கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் தேடினாலும் கிடைக்காது. குமரேசன் இரண்டு முறை வாங்கினான். நான் மறுநாள் கோவில் என்பதால் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் முறை வந்து, குழாயை மாட்டிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. டீச்சரம்மா தன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். காரை அங்கேயே விட்டுவிட்டார். புத்திசாலி. நாங்கள் காரிலேயே கிளம்பினோம்.

புதுக்கோட்டையில் போன் காட்டிய சார்ஜர் ஒரு கார்க்கடை வளாகத்துக்குள் இருந்தது. கேட் பூட்டு. வாட்ச்மேன், “காலையில வாங்க” என்றார். சரி, இரவு திருவரங்குளத்தில் என் சித்தப்பா மகன் தங்கராசு வீட்டில்தானே தங்கப் போகிறோம், வீட்டு பிளக்கில் மாட்டினால் விடிவதற்குள் போதுமான அளவு ஏறும் என்று போனோம்.

மாட்டினோம். காரோடு வந்த பெட்டியில் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. குமரேசன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “சித்தப்பா, வீட்டுல எர்த் சரியில்லை. அதான் எடுக்க மாட்டேங்குது” என்றான்.

தங்கராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எர்த் சரியில்லையா? இதே பிளக்குலதான் தம்பி கிரைண்டர் ஓடுது, பிரிட்ஜ் ஓடுது. மக கல்யாணத்துக்குத் தெரு முக்கு வரைக்கும் சீரியல் லைட்டு எரிஞ்சது. ஒங்க காருக்கு மட்டும் என்ன அம்புட்டுப் பவுசு?”

ஆனாலும் எர்த் குழியில் உப்பைக் கொட்டி நான்கு குடம் தண்ணீர் ஊற்றினான். விளக்கு மஞ்சளானது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். மறுபடி சிவப்பு. “வயக்காட்டு மோட்டார் கொட்டகையில நல்ல எர்த் இருக்கு, ஓட்டிட்டு வாங்க” என்றான். விவசாயத்துக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற மின்சாரத்தில் கார் ஓடக் கூடாது என்று நான் மறுத்துவிட்டேன். “சாமி வந்த மாதிரி பேசாதீகண்ணே” என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தான். நான் மறுத்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சரியாக இருந்து என்ன பயன் என்றும் நினைக்கிறேன்.

விடிந்ததும் திரை எழுபது காட்டியது. ஆலங்குடி, அறந்தாங்கி வழியாகப் போனால் மகளின் ஊர் ஐம்பத்தைந்து. பதினைந்து மிச்சம். கோவிலுக்குப் போய்விட்டால் சம்பந்தி வீட்டில் எர்த் பார்த்துக்கொள்ளலாம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மொட்டையும் காதும் முடிய வேண்டும். நேரம் நிறைய இருந்தது. ஏசி போடவில்லை. பாட்டுப் போடவில்லை. நான் மூச்சைக்கூடக் கணக்காக விட்டேன். வழியெல்லாம் பலாமரங்கள், ரோட்டோரத்தில் பழங்களைக் குவித்து உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்தச் சொல்லத் தைரியமில்லை.

அறந்தாங்கியைத் தாண்டினோம். திரையில் முப்பது. திடீரென்று ஆமைப் படம் ஒன்று தோன்றியது. கார் ஊர்ந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார். பிறகு நின்றேவிட்டது, முப்பதைக் காட்டிக்கொண்டே.

“முப்பது இருக்கேடா!”

“இருக்குப்பா. ஆனா எடுக்க விட மாட்டேங்குறான். அடியில கொஞ்சத்தைப் பாதுகாப்புக்குன்னு பூட்டி வச்சுட்டான் போல. அதுவும் அப்டேட்லதான் வந்திருக்கணும்.”

நம் வீட்டில் இருக்கும் நம் அரிசியை, உலை கொதிக்கும்போது பார்த்து, எடுக்காதே என்கிறவனை என்ன செய்வது? தள்ளிப் பார்த்தோம். சக்கரம் அசையவில்லை, அதையும் பூட்டிக்கொண்டது. இன்னொரு காருக்குச் சொல்லலாம் என்றால், அறந்தாங்கியிலிருந்த வாடகைக் கார்கள் எல்லாம் அன்று முகூர்த்தத்துக்குப் போயிருந்தன. என் மனைவி போன் மேல் போன் போட்டாள். கடைசியாக வந்தது கற்பகம். “அண்ணே, எங்க வர்றே?” என்று மட்டும் கேட்டாள். குமரேசன் இடத்தைச் சொன்னான். நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

மீமிசல் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிப்போன குட்டியானை வேன் ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி எங்கள் காரைச் சுற்றி வந்தார்.

“பெட்ரோலு தீந்துருச்சா?”

“பெட்ரோலே கிடையாதுங்க. கரண்டு.”

“கரண்டு தீந்துருச்சா?”

“தீரலைங்க. இருக்கு. ஓடாது.”

அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காதுகுத்துக்குப் போகிற தாய்மாமன் இவன் என்று நான் சொன்னதும், ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கும். “சரி, ஏறுங்க. தாய்மாமனை ரோட்டுல விட்டுட்டுப் போனா எங்க வீட்டுல சோறு போட மாட்டாக” என்றார்.

சீர்த்தட்டுகளைப் பழங்களுக்கு மேல் அடுக்கினோம். நானும் குமரேசனும் பட்டுவேட்டியோடு நடுவில். ஒவ்வொரு பள்ளத்திலும் தட்டுகள் குதித்தன. வழியில் ஒரு பழம் உருண்டு லட்டுத் தட்டின்மேல் ஏறியது, லட்டு பூந்தியாகிவிட்டது. கோவில் வாசலில் இறங்கி, அந்தத் தட்டைத் தள்ளிவிட்டு எண்ணினால் இருபது. சீர் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நான் மறுபடி எண்ணினேன்; எண்ணினால் கூடிவிடுமா? ஓட்டுநர் நல்ல பழமாக ஒன்றைத் தூக்கி, லட்டைத் துடைத்துவிட்டு அந்தத் தட்டில் வைத்தார். “இருவத்தொண்ணு ஆச்சுங்களா? போங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பத்தரை தாண்டியிருந்தது. மண் குதிரைகளுக்கு நடுவில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் பேரன் உட்கார்ந்திருந்தான். வலது காதில் கடுக்கன். அதைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. இடது காது வெறுமையாக இருந்தது.

நேரம் போகிறதே என்று, மாமன் முறையாகிற உள்ளூர் மளிகைக் கடைக்காரரின் மடியில் வைத்து மொட்டை அடித்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வாங்கி வைத்திருந்த கடுக்கனைப் போட்டு ஒரு காதும் குத்தியாகிவிட்டது. இரண்டாவதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது கற்பகம் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாளாம். “இது எங்கண்ணன் மடியிலதான்” என்று சொன்னவள், யார் சொல்லியும் கேட்கவில்லை. அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. இனிப் பன்னிரண்டுக்கு மேல்தான்.

சம்பந்தி எங்களை வரவேற்றார். மரியாதைக்குக் குறைவில்லை. “வாங்க, வாங்க. ஒண்ணு முடிஞ்சுருச்சு, ஒண்ணு ஒங்களுக்குன்னு வச்சிருக்கோம். கார் எங்கங்க?” என்றார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பலாப்பழத் தட்டைப் பார்த்தார்கள். யாரோ, “சந்தைக்குப் போறதைத் திருப்பி விட்டுட்டாகளோ” என்றார்கள். என் மகள் அண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த பலாப் பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அது போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த இடைவேளையில் குமரேசனுக்கும் அவன் தங்கை மகனுக்கும் சிநேகம் ஏற்பட்டது. முதலில் கவின் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தான். பிறகு குமரேசன் பலாச்சுளை கொடுத்தான். தோளில் தூக்கிக்கொண்டு மண் குதிரைகளைக் காட்டினான். “எத்தனை குதிரை, மாமாவுக்கு எண்ணிச் சொல்லு” என்றான். குழந்தை மூன்றுக்கு மேல் தெரியாமல் மூன்று, மூன்று என்றே எண்ணிக்கொண்டு போனது. நான் பின்னாலேயே நடந்தேன். பதினேழு குதிரைகள். கடைசிக் குதிரையிடம் வந்தபோது கவின் வலது காதைத் தொட்டுக் காட்டி, “மாமா, இங்க வலிக்கிது” என்றான். அடுத்து இடது காதைத் தொட்டான்.

“இதுல குத்த மாட்டாகல்ல?”

குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குதிரையைப் பார்த்தேன்.

“மாட்டாங்கடா. மாமா இருக்கேன்ல.”

பன்னிரண்டு தாண்டியதும் அழைத்தார்கள். கவின் தானாகவே மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டான். பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இம்முறை மெச்சுகிற முணுமுணுப்பு. கற்பகம் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள். நாங்கள் கொண்டுவந்த கடுக்கனில் ஒன்றை எடுத்து ஆசாரி பக்கவாட்டில் வந்தார். குமரேசன் குழந்தையின் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தான்.

குழந்தை அலறியது. அலறியபோது அது ஆசாரியைப் பார்க்கவில்லை. ஊசியைப் பார்க்கவில்லை. தன்னைப் பிடித்திருந்தவன் முகத்தையே பார்த்து அலறியது. பிறகு இறங்கி ஓடிப் போனது, மளிகைக் கடைக்காரரிடம்.

கறிச்சோறு பிரமாதம் என்றார்கள். எனக்கு இறங்கவில்லை. குமரேசன் இலையை மூடிவிட்டுக் கார் கிடந்த இடத்துக்குப் பஸ்ஸில் போனான். அதை லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் பஸ்ஸில் ஓசூர் திரும்பினோம். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல மழை பெய்திருந்தது.

பிற்பாடு கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: உங்கள் வண்டி பாதுகாப்பாக இருக்கிறது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? டீச்சரம்மாவும் மற்றவர்களும் சேர்ந்து வழக்குப் போடுகிறார்கள். குமரேசனையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான். ஆனால் முன்போலக் கம்பெனியைத் திட்டுவதில்லை. நான் திட்டினால் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பகம் வீடியோவில் கூப்பிடுவாள். பேரன் ஓடி வந்து எனக்குக் கடுக்கனைக் காட்டுவான். வலது காதில் அவர்கள் வாங்கியது, இடது காதில் நாங்கள் வாங்கியது. இரண்டும் வேறு வேறு. என் மனைவிக்கு முத்தம் கொடுப்பான். குமரேசன் திரைக்குள் வந்ததும் ஒரு கையைத் தூக்கி, இடது காதைப் பொத்திக்கொள்வான். அந்த ஒரு காதை மட்டும்.